நாய் நடுங்கினால் என்ன செய்வது?

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கால்நடை உதவி மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)



டாக்டரம்மா வந்தால் ஆடு, மாடு பற்றித்தான் பேசுவாங்கன்னு நினைச்சிருப்பீங்க. இன்னிக்கு நாயைப் பற்றிப் பேசப் போறேன். நாய்க்கு நம்ம பக்கம் யாரும் கடன் வாங்குவதில்லை, காப்பீடும் செய்வதில்லை. ஆனால் நீங்க கடன் போட்டு வாங்கின ஆட்டுக்கு ராத்திரி முழுக்கக் காவல் இருப்பது அதுதான். உங்க பிள்ளைங்க கட்டிப் பிடிச்சு விளையாடுவதும் அதோடுதான். அது நடுங்கும்போது "குளிருது போல" என்று விட்டுவிடுகிறோம். பல சமயம் அது உண்மைதான். சில சமயம் அந்த ஒரு வார்த்தையில் உயிர் போய்விடுகிறது.

முதலில் பயப்பட வேண்டாத நடுக்கம். உடம்பு குளிர்ந்தால் தசை வேகமாகத் துடித்துச் சூடு உண்டாக்கும். மனுஷருக்கும் அப்படித்தானே. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி முடி குறைந்த நாய்கள் மார்கழிப் பனியில் நல்லாவே நடுங்கும். தீபாவளி வெடிக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுங்கும். வெளியூர் போன வீட்டுக்காரர் திரும்பி வந்தால் சந்தோஷத்தில்கூட நடுங்கும். வயசான நாய்க்குப் பின்னங்கால் நடுங்குவதும் உண்டு; வலி இருக்கான்னு ஒரு தடவை காட்டிக்கொள்ளுங்கள். ஈரத்தைத் துடைத்து, காய்ந்த சாக்கில் படுக்க வையுங்கள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று, கூப்பிட்டால் வாலாட்டி, சோறும் தின்றால் கவலை இல்லை.

நிற்கவில்லையா? நடுக்கத்தோடு வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாந்தி, எச்சில் வடிதல், கழிச்சல், தள்ளாட்டம், மூச்சிரைப்பு, வலிப்பு, இதில் ஒன்று இருந்தாலும் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம். கால்நடை மருந்தகத்துக்குக் கிளம்புங்கள்.

நம்ம பக்கம் அதிகம் பார்ப்பது விஷம். எலிக்கு வைத்த கருவாட்டைத் தின்றுவிடும். வயலில் போட்ட குருணை மருந்தை நக்கிவிடும். இன்னொன்றும் நடக்கிறது. உண்ணி போகட்டும் என்று பயிருக்கு அடிக்கிற மருந்தையே நாய் மேல் ஊற்றுகிறார்கள். தோல் வழியாக உள்ளே போய், எச்சில் ஒழுகி, உடம்பெல்லாம் உதறும். மேலே பட்டிருந்தால், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு சோப்பு போட்டு நல்லா கழுவுங்கள். பிறகு தூக்கி வாருங்கள். தின்றிருந்தால் உப்புத் தண்ணி, புளித் தண்ணி, பால், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நடுங்குகிற நாய் சரியாக விழுங்காது. ஊற்றியது நுரையீரலுக்குப் போய், விஷத்தில் பிழைத்ததும் அதில் செத்துவிடும். மருந்து வந்த டப்பாவையோ கவரையோ கையோடு கொண்டு வாருங்கள். சில பூச்சிமருந்துக்கு மாற்று ஊசி இருக்கிறது. எல்லா விஷத்துக்கும் இல்லை. எதைத் தின்றது என்று தெரிந்தால் நேரம் வீணாகாது.

குட்டி போட்ட நாய்க்கு வருகிற நடுக்கம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். கறவை மாட்டுக்குப் பால் காய்ச்சல் வருமே, அதே கதைதான். குட்டிகளுக்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும்போது பால் அதிகம் போய், தாயின் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிடும். மூச்சிரைக்கும், கால் விறைக்கும், அப்புறம் உதறும், வலிப்பும் வரும். குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டுத் தாயைக் கொண்டு வாருங்கள். நரம்பு வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் செத்ததுபோல் கிடந்தது எழுந்து நிற்கும். தாமதித்தால்தான் போச்சு.

சின்னக் குட்டி பால் குடிக்காமல் சோர்ந்து நடுங்கினால் உடம்பைச் சூடாக்கி, ஈறில் துளி சர்க்கரைத் தண்ணி தடவிக்கொண்டே வாருங்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி வந்து, பிறகு தூங்கும்போதுகூட தலையோ காலோ வெட்டி வெட்டி இழுத்தால் அது வைரஸ் நோய். வந்த பின் குணமாக்குவது கஷ்டம், முன்கூட்டியே தடுப்பூசிதான் வழி. வீட்டில் இருக்கிற நம்ம காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரையை நாய்க்கு உடைத்துக் கொடுக்கவே கூடாது. ஈரலும் குடலும் கெட்டுவிடும்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. வெறிநோயிலும் நடுக்கம் வரும். நல்ல நாய் திடீரென்று இருட்டில் ஒளியும், குச்சியைக் கல்லைக் கடிக்கும், குரல் மாறும், தாடை தொங்கி எச்சில் வழியும், கால் பின்னும். "தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கு" என்று வாயில் கைவிடுவார்கள். விடாதீர்கள். "தண்ணி குடிக்குதே, அப்போ வெறி இல்லை" என்பதும் தப்பு. வெறிநாய் தண்ணீர் குடிக்கும். பிள்ளைகளை விலக்கி, முடிந்தால் கதவைச் சாத்தி அடைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண்ணும் இருக்கிறது.

கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடணும். ஊசி அங்கே இலவசம். மனுஷருக்கு நோய் தெரிய ஆரம்பித்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது. உங்க நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு வருஷா வருஷம் போடுங்கள்.

பின்வரிசையில் ஒரு அக்கா கேட்டாங்க: "கடிச்ச நாய் நல்லாத்தானே திரியுது, பத்து நாள் பார்த்துட்டு ஊசி போட்டுக்கலாமா?" வேண்டாம் அக்கா. ஊசியை முதல் நாளே ஆரம்பிங்க. நாயை அடிச்சுக் கொல்லாம, கட்டிப் போட முடிஞ்சா கட்டிப் போட்டு பத்து நாள் பாருங்க. நடுங்கினாலோ, செத்தாலோ, காணாமல் போனாலோ ஊசி போடுகிற டாக்டரிடம் சொல்லுங்க. பத்து நாளும் அது நல்லா இருந்தா, மீதி ஊசி வேணுமா வேண்டாமான்னு அவர் சொல்லுவார்.