ஷெரீப் உத்தியோகம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் "ஷெரீப் உத்தியோகம்" என்பதாகும். தலைவர் இதைச் சொன்னவுடன் உங்களில் சிலர் சிரித்ததைக் கவனித்தோம். சினிமாவில் மார்பில் நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு, இடுப்பில் துப்பாக்கியோடு குதிரைமேல் வருகிறவனைப் பற்றி இந்தக் கொட்டகையில் என்ன பேச்சு என்று நினைத்திருப்பீர்கள். நினைப்பதில் குற்றமில்லை. ஆனால், சர்க்கார் என்பது ஏழையின் வாசற்படிக்கு எந்த உருவத்தில் வருகிறது? வரி கேட்கவும், ஜப்தி செய்யவும், கையைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போகவும் வருகிறவன் யார்? அவன் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்? இந்தக் கேள்விகளைக் கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு உத்தியோகத்தின் சரித்திரத்தில் வேண்டிய சரக்கு இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட உத்தியோகம் இது.

முதலில் பெயரைப் பார்ப்போம். முஸ்லிம் தோழர்கள் வழங்கும் "ஷரீப்" என்ற அரபுச் சொல்லுக்கு மேன்மையுள்ளவன், உயர்குடியில் பிறந்தவன் என்று அர்த்தம். இங்கிலீஷ் ஷெரீப்புக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. காதில் ஒன்றுபோல விழுந்தால் உடனே உறவு கட்டிவிடும் பண்டிதர்கள் நம்மிடம் அதிகமாகையால் இதைச் சொல்லி வைக்கிறோம். பழைய இங்கிலீஷில் "ஷையர்" என்றால் ஜில்லா. "ரீவ்" என்றால் மணியக்காரன். ஷையருக்கு ரீவ் ஷெரீப் ஆனான். அவ்வளவுதான் சங்கதி. அந்த ஷையர்தான் பிற்பாடு கவுண்டி என்று பெயர் பெற்றது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டபோது இந்த மணியக்காரனை ஒழிக்கவில்லை. ஏன் ஒழிப்பார்கள்? வந்தவனுக்கும் பணம் வசூலித்துக் கொடுக்க ஆள் வேண்டுமே! அரசன் ஒரு ஜில்லாவுக்கு இவ்வளவு தொகை என்று நிர்ணயிப்பான். ஷெரீப் அதைக் கஜானாவில் கட்டிவிட வேண்டும். மேற்கொண்டு வசூலானதை அவன் வைத்துக்கொள்ளலாம். நம்மூரில் சந்தையை ஏலம் எடுத்தவன் கூடைக்காரியிடம் எப்படி நடந்துகொள்வான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு ஜில்லாவையே குத்தகைக்கு எடுத்தவனைப் பற்றி நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. இதில் விசேஷம் என்னவென்றால், வசூல் செய்கிறவனே பிடிக்கிறவன், அவனே சிறைக்கூடத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி, அவனே ஜில்லாக் கோர்ட்டில் உட்கார்ந்து விசாரிக்கிறவன். கொடுக்க மாட்டேன் என்றவன் எங்கே போய் முறையிடுவான்?

இந்த ஷெரீப்புகள் வருஷத்தில் இரண்டு தடவை, ஈஸ்டர் சமயத்திலும் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல் திருநாளிலும், கணக்குச் சொல்ல வரவேண்டும். சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போட்ட துணியை மேஜைமேல் விரித்து, காய்களை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். இங்கிலாந்தின் கஜானா இலாகாவுக்கு "எக்ஸ்செக்கர்" என்று பெயர் வந்தது அந்தக் கட்டத்தினால்தான். கட்டின பணத்துக்கு ரசீது ஒரு குச்சி. அதில் வெட்டுப் போட்டு இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். இந்தக் குச்சி வழக்கம் 1826 வரையில் இருந்தது. பிறகு, சேர்ந்து கிடந்த குச்சிகளை 1834இல் அடுப்பில் போட்டுக் கொளுத்தினார்கள். நெருப்பு மிஞ்சிப்போய் பார்லிமெண்டு கட்டடமே எரிந்துவிட்டது! பழைய வழக்கத்தைக் கொளுத்துவதற்கும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும்.

நிற்க, 1170இல் இரண்டாம் ஹென்றி அரசன் நாலு வருஷம் வெளியிலிருந்துவிட்டுத் திரும்பி வந்து, ஷெரீப்புகள் யார் யாரிடம் என்னென்ன வாங்கினார்கள் என்று ஜில்லா ஜில்லாவாக விசாரிக்கச் செய்தான். பெரும்பாலான ஷெரீப்புகளுக்கு வேலை போயிற்று. ஜனங்கள்மேல் உள்ள பரிவினால்தான் செய்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. தனக்கு வரவேண்டியது நடுவில் நின்றுபோகிறது என்ற கோபமும் அவனுக்கு இருந்திருக்கும். 1194இல் "கொரோனர்" என்று மற்றோர் உத்தியோகம் ஏற்பட்டது. சந்தேகமான சாவுகளை விசாரிப்பது, அரசனுக்குச் சேரவேண்டியதைக் குறித்து வைப்பது இவன் வேலை. அதாவது, ஷெரீப்பின் கணக்கைப் பார்க்க இன்னொரு கணக்கன். இந்தக் கொரோனரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 1215இல் ஜான் அரசனிடம் பிரபுக்கள் வாங்கிய மாக்னா கார்ட்டா என்னும் மகாசாசனம். அதைச் சுதந்திரத்தின் வேதம் போலப் பேசுவார்கள். எடுத்துப் படித்தால் அதில் ஷெரீப்பின்மேல் உள்ள புகார்கள் எத்தனை! ஒருவனுடைய குதிரையையும் வண்டியையும் அவன் சம்மதமில்லாமல் ஷெரீப் எடுக்கக் கூடாது. பெருங்குற்றங்களை ஷெரீப் விசாரிக்கக் கூடாது. சட்டம் தெரிந்தவனையே ஷெரீப்பாக நியமிக்க வேண்டும். இவ்விதம் எழுதி வாங்க வேண்டியிருந்தது என்றால், அதுவரையில் நடந்தது என்ன என்பதை நாம் விளக்க வேண்டுமா?

ராபின் ஹூட் கதையில் வரும் நாட்டிங்ஹாம் ஷெரீப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராபின் ஹூட் என்று ஒருவன் இருந்தானா என்பதற்குத் திட்டமான சாட்சியம் கிடையாது. ஆனால் ஷெரீப் இருந்தான் என்பதற்கு கஜானாக் கணக்கே சாட்சி! ஜான் காலத்தில் அந்தப் பக்கத்து ஷெரீப் பிலிப் மார்க் என்பவன். அவனையும் அவன் சகோதரர்களையும் உத்தியோகத்திலிருந்து நீக்க வேண்டும் என்று பெயரைச் சொல்லியே மகாசாசனத்தில் எழுதினார்கள். அப்படியும் அவன் அதற்குப் பிறகு பல வருஷம் அதே நாற்காலியில் இருந்தான். எழுதி வாங்கினதோடு காரியம் முடிந்துவிடுகிறதென்று நம்புகிறவர்கள் இவன் சரித்திரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நாளடைவில் அதிகாரம் ஒவ்வொன்றாகக் கழன்றது. விசாரணை நீதிபதிகளிடமும், அமைதிகாக்கும் மாஜிஸ்ட்ரேட்டுகளிடமும், படை திரட்டுவது லார்டு லெப்டினண்டு என்பவரிடமும் போயிற்று. இன்றைய இங்கிலாந்தில் ஹை ஷெரீப் என்பவர் சம்பளமில்லாமல் ஒரு வருஷத்துக்குச் சட்டை தரித்து விழாவில் நிற்கிற பெரிய மனிதர். அவரை நியமிப்பதற்கு அரசர் பேனாவால் கையெழுத்துப் போடுவதில்லை. பட்டியலில் பெயருக்கு நேராக ஊசியால் குத்துகிறார். எலிசபெத் ராணி தோட்டத்தில் தையல் வேலையாக இருந்தபோது பேனா அகப்படாமல் ஊசியால் குத்தினாள், அதிலிருந்து வழக்கமாயிற்று என்று ஒரு கதை. அந்த அம்மாளின் பாட்டன் ஏழாம் ஹென்றி காலத்துப் பட்டியலிலேயே ஊசிக் குத்து இருக்கிறது. வழக்கம் முன்னால், கதை பின்னால்! ஸ்தல புராணம் நம்மூரில் மட்டும் விளைகிற பயிர் அல்ல.

வெஸ்ட்மார்லாண்டு என்ற ஜில்லாவில் இந்த உத்தியோகம் ஒரு குடும்பத்துக்கே பரம்பரைப் பாத்தியமாக 1849 வரை இருந்தது. பாத்தியக்காரன் செத்த பிறகுதான் சட்டம் செய்து அதைத் தீர்த்தார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பரம்பரையில் ஆண் வாரிசு இல்லாமல் ஆன் கிளிபோர்டு என்ற அம்மாள் ஷெரீப்பாக இருந்தாள். பெண்களுக்குப் புத்தியில்லை என்று சொன்ன அதே தேசத்தில், சொத்தும் பாத்தியமும் குறுக்கே வந்தபோது அந்தச் சாஸ்திரம் வாயை மூடிக்கொண்டது.

நம் சென்னைப் பட்டணத்திலும் பம்பாய், கல்கத்தாவிலும் வெள்ளைக்காரன் ஷெரீப்பை வைத்தான். கோர்ட்டு உத்தரவுகளை நடத்தி வைக்கும் வேலையாகத் தொடங்கி, கடைசியில் பணக்காரர் ஒருவருக்கு அளிக்கும் ஒரு வருஷக் கௌரவமாகத் தேய்ந்தது. அதைப் பற்றிப் பேச அதிகமில்லை.

உயிரோடும் பல்லோடும் இந்த உத்தியோகம் இருப்பது அமெரிக்காவில்தான். 1634இல் வர்ஜீனியாவை எட்டு ஷையர்களாகப் பிரித்தபோதே ஷெரீப்பும் போய்ச் சேர்ந்தான். இன்று அங்கே சுமார் 3000 ஷெரீப்புகள் இருக்கிறார்கள். மிகப் பெரும்பாலான ராஜ்யங்களில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாதாரணமாக நாலு வருஷ காலம். பட்டணத்துப் போலீஸ் தலைவனை மேயரோ சபையோ நீக்கலாம். ஷெரீப்பை அப்படி நீக்க முடியாது. வேலை என்னவென்று கேட்டால், நம்மூர் அமீனா, போலீஸ் இன்ஸ்பெக்டர், ஜெயில் சூப்பிரெண்டு மூவரையும் ஓர் ஆளாகத் திரட்டிக்கொள்ளுங்கள். சம்மன் கொடுப்பது, டிக்ரியை நிறைவேற்றுவது, வீட்டைக் காலி செய்விப்பது, சொத்தை ஏலம் போடுவது, கோர்ட்டுக்குக் காவல், பட்டணத்தில் சேராத கிராமங்களுக்குப் போலீஸ், எல்லாவற்றுக்கும் மேலாகக் கவுண்டி ஜெயில். கென்டக்கி, லூசியானா போன்ற இடங்களில் சொத்து வரி வசூலும் அவனிடமே இருக்கிறது. அந்த ஜெயிலில் கிடப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்புப் பெறாதவர்கள். ஜாமீன் கட்டப் பணமில்லாததே அநேகருடைய குற்றம்.

தூக்குப் போடுவதும் ஒரு காலத்தில் இவன் வேலைதான். பிற்காலத்தில் ஜனாதிபதியான குரோவர் கிளீவ்லாண்டு, நியூயார்க் ராஜ்யத்தில் ஈரி கவுண்டி ஷெரீப்பாக இருந்தபோது, 1872இலும் 1873இலும் இரண்டு பேரைத் தானே தூக்கிலிட்டார். 1936இல் கென்டக்கியில் ஓவன்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு கறுப்பு வாலிபனைப் பகிரங்கமாகத் தூக்கிலிட்டார்கள். அந்தக் கவுண்டி ஷெரீப், புருஷன் இறந்ததால் அந்த இடத்துக்கு வந்த ஒரு அம்மாள். பெண்பிள்ளை கயிற்றை இழுப்பதைப் பார்க்கலாம் என்று சுமார் 20,000 பேர் தேருக்குக் கூடுவது போலக் கூடினார்களாம்! அந்த அம்மாள் இழுக்கவில்லை; வேறு ஆளை ஏற்பாடு செய்திருந்தாள். அமெரிக்காவில் பகிரங்கமாக நடந்த கடைசித் தூக்கு அதுதான்.

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். தென்பாகத்தில் அடிமை வியாபாரம் நடந்த காலத்தில், எஜமான் கடன்பட்டால் அவனுடைய அடிமைகளை மாடு, கலப்பையோடு சேர்த்து ஏலம் போட்டவன் ஷெரீப். ஓடிப்போன அடிமையைப் பிடித்து ஜெயிலில் வைத்து விளம்பரம் செய்து, கேட்பாரில்லாவிட்டால் விற்றவனும் ஷெரீப். 1865இல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. உடனே, வேலையில்லாமல் திரிவதே குற்றம் என்று சட்டம் செய்தார்கள். கறுப்பு மனிதனைப் பிடிப்பது, அபராதம் போடுவது, கட்ட முடியாதவனைச் சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் குத்தகைக்கு விடுவது நடந்தது. ஷெரீப்புக்குக் கைது ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. ஆள் அதிகம் பிடித்தால் வருமானம் அதிகம்! அலபாமா ராஜ்யத்தில் இந்தக் குத்தகை 1928 வரை நடந்தது. சட்டப் புத்தகத்தில் ஒரு வார்த்தையை அடித்துவிட்டு, அதே மனிதனை அதே வயலில் நிறுத்திவிட்டார்கள்.

அதே அலபாமாவில் இன்னொரு வினோதம். கைதி ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு 1.75 டாலர் சாப்பாட்டுக்கு என்று ராஜ்யம் ஷெரீப்பிடம் கொடுத்து வந்தது. செலவு போக மிச்சம் ஷெரீப்புக்கே சொந்தம் என்று பலரும் சட்டத்தைப் படித்தார்கள். 2009இல் மார்கன் கவுண்டி ஷெரீப் மூன்று வருஷத்தில் 2,12,000 டாலர் மிச்சம் பிடித்தது கோர்ட்டில் வெளிவந்தது. மலிவாகக் கிடைத்த ஒரே பண்டத்தை வாரக்கணக்கில் கைதிகளுக்குப் போட்டதாகச் சாட்சியம். ஜட்ஜு அவரையே ஒரு ராத்திரி ஜெயிலுக்கு அனுப்பினார். ஷெரீப்புகள் மிச்சத்தை எடுத்துக்கொள்ள முடியாதபடி சட்டம் திருந்தியது 2019இல். 12ஆம் நூற்றாண்டு ஜில்லாக் குத்தகைக்கும் இதற்கும் என்ன பேதம்? அங்கே குடியானவனின் கோதுமை. இங்கே கைதியின் சோறு.

ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஓட்டு யாருக்கு இருந்தது என்று பாருங்கள். அலபாமாவில் டல்லாஸ் கவுண்டியில் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பு மக்கள். வோட்டர் பட்டியலில் அவர்கள் சில நூறு பேர்தான். அங்கே ஷெரீப் ஜிம் கிளார்க் "ஒருக்காலும் இல்லை" என்ற வார்த்தையைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார். 1965 மார்ச்சு 7ந் தேதி செல்மா பட்டணத்துப் பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு நடந்துவந்த சுமார் 600 பேரை ராஜ்யப் போலீசும், குதிரைமேல் வந்த இவருடைய ஆட்களும் அடித்துத் துரத்தினார்கள். ஊரார் ஆம்பிளைகளைத் திரட்டும் ஷெரீப்பின் பழைய இங்கிலீஷ் அதிகாரம் இதற்குத்தான் பயன்பட்டது. அந்த வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. 1966 தேர்தலில் கிளார்க் தோற்றார். அடிபட்டவர்கள் இப்போது ஓட்டுச் சீட்டோடு வந்தார்கள்! அதே வருஷம் பக்கத்தில் மேக்கன் கவுண்டியில் லூஷியஸ் ஆமெர்சன் என்ற கறுப்புத் தோழர் ஷெரீப்பாக ஜெயித்து 1967 ஜனவரியில் பதவியேற்றார். தென்பாகத்தில் சுமார் ஒரு நூற்றாண்டில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

இப்போது அங்கே சில ஷெரீப்புகள் புதிய வேதாந்தம் பேசுகிறார்கள். ஷெரீப் உத்தியோகம் புராதனமானது, ஆகையால் கவுண்டிக்குள் மத்திய சர்க்காருக்கும் மேலே தாங்களே என்கிறார்கள். 1997இல் சுப்ரீம் கோர்ட்டு, துப்பாக்கி வாங்குகிறவர்களை விசாரிக்கும்படி மத்திய சர்க்கார் ஷெரீப்பைக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்புச் சொன்னது வாஸ்தவம். கட்டாயப்படுத்த முடியாது என்பது ஒன்று, எவருக்கும் மேலானவன் என்பது வேறு. புராதனம் என்பதால் அதிகாரம் வருமானால், 1170இல் வேலை போன ஷெரீப்புகளும் புராதனமானவர்கள்தானே!

நியாயமாக நடந்தவர்களும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். 2008 அக்டோபரில் சிகாகோ இருக்கும் குக் கவுண்டி ஷெரீப் டாம் டார்ட், அடமானம் மூழ்கிய வீடுகளைக் காலி செய்விக்க மாட்டேன் என்று நிறுத்தி வைத்தார். பாங்கிக்குக் கடன்பட்டவன் வீட்டுக்காரன். தவறாமல் வாடகை கொடுத்துக் குடியிருந்த, விஷயமே தெரியாத குடும்பத்தின் பாத்திரபண்டம் தெருவில் எறியப்படுகிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாங்கி முதலில் விசாரித்துச் சொல்லட்டும் என்றார். பாங்கிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். உத்தரவை நிறைவேற்றுகிறவன் கதவுக்குப் பின்னால் இருப்பது யார் என்று ஒரு நிமிஷம் கேட்டதற்கே அவ்வளவு கூச்சல்.

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "ஊரையெல்லாம் பிடிக்கும் ஷெரீப்பே குற்றம் செய்தால் அவரை யார் பிடிப்பது?" நல்ல கேள்வி. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொன்ன கொரோனர் இங்கேதான் வருகிறார். இண்டியானா ராஜ்யச் சட்டப்படி, வாரண்டோடு போய் ஷெரீப்பைக் கைது செய்யும் அதிகாரம் கொரோனருக்கு இருக்கிறது. பிணத்தை விசாரிக்கிறவர்தான் ஷெரீப்பையும் பிடிக்க வேண்டும்.