யானைக்கு எட்டு கார் இடம்

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தந்திருக்கிறேன்.)



நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருளைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் கேட்டேன். பெரிய மனது பண்ணி பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சிமென்ட் தளத்தில் கோடு போட்டு, விருந்தினர் கார்களுக்கு எட்டு இடம் ஒதுக்கலாம் என்பது தீர்மானம். அதை எதிர்த்துத்தான் பேசப் போகிறேன். கார் வைத்திருப்பவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சம்பந்தி வீட்டார் வரும்போது தெருவில் இடம் தேடி அலைவது எவ்வளவு சங்கடம் என்று எனக்கும் தெரியும்.

வங்கியில் பற்று வரவு எழுதியே காலம் தள்ளியவன் நான். அதனால் முதலில் கணக்கு. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். எட்டு காருக்கு 100 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 1,075 சதுர அடி. ஓர் இரண்டு படுக்கையறை வீட்டளவு இடம். நம் வளாகத்தில் வண்டி பயம் இல்லாமல் மூன்று வயதுக் குழந்தையைக் கையை விட்டு இறக்கிவிடக் கூடிய இடம் இது ஒன்றுதான்.

"அங்கே யாரும் விளையாடுவதே இல்லையே, சும்மாதானே கிடக்கிறது" என்கிறார்கள். வாஸ்தவம். பெரிய பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், ஜன்னல் கண்ணாடி போனது, பந்து விளையாடக் கூடாது என்று போர்டு மாட்டினோம். அன்றிலிருந்து காலி. போர்டை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பந்தே வேண்டாத விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம்: நாள் முழுவதும் சேர்த்து 180 நிமிடம், அதில் 60 நிமிடமாவது நன்றாக ஓடியாடி. நம் குழந்தைகளின் நாளைக் கூட்டிப் பாருங்கள். லிஃப்ட், வேன், வகுப்பு, வேன், லிஃப்ட், டியூஷன். பள்ளியில் பி.டி. பீரியட் வாரத்துக்கு இரண்டு வந்தாலே அதிர்ஷ்டம். மீதியை எங்கிருந்து வரவு வைப்பது?

சரி, உடற்பயிற்சி செய் என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். தோப்புக்கரணம் பத்து போடச் சொன்னால் நாலாவதிலேயே கால் வலிக்கும். அதே குழந்தையிடம், "நீதான் பாம்பன் பாலம். கப்பல் வருகிறது, தூக்கு" என்று சொல்லுங்கள்.

இந்தப் பாம்பன் விளையாட்டைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. 1914இல் திறந்த பழைய பாலம் நடுவில் இரண்டாகப் பிரிந்து, இரண்டு கை விரிவது போல மேலே எழும்பியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் அப்படியில்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் செங்குத்தாக மேலே போகிறது. ஆறு குழந்தைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே குந்தி உட்கார்ந்து கை கோத்துக்கொண்டால் அது புதிய பாலம். கப்பலாக வரும் குழந்தை ஊதியதும், எல்லோரும் ஒரே நேரத்தில், மெதுவாக, தண்டவாளம் ஆடாமல் எழுந்து கையை உயர்த்த வேண்டும். கப்பல் கீழே குனிந்து போகும். அது போனதும் அதே வேகத்தில் இறங்க வேண்டும். அடுத்து ரயில், அது பாலத்தின் ஓரமாக நுனிக்காலில் ஊர்ந்து போகும். காற்று அதிகம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னால் ரயில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்குத் தாத்தாக்கள் போதும். கால் மணி நேரத்தில் ஒவ்வொரு குழந்தையும் இருபது, முப்பது தடவை குந்தி எழுந்திருக்கும். தொடைக்கு, முழங்காலுக்கு, சமநிலைக்கு எல்லாவற்றுக்கும் வேலை. தாம் பயிற்சி செய்கிறோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

ஒன்றைக் கவனியுங்கள். மெதுவாக அசைவதுதான் கஷ்டம். வேகமாக ஓட எந்தக் குழந்தைக்கும் சொல்லித் தர வேண்டாம். மெதுவாக எழுவதற்கும், ஓடும்போது சட்டென்று நிற்பதற்கும் உடம்பு மனது இரண்டும் கட்டுக்குள் வர வேண்டும். "மெதுவாகச் செய்" என்ற கட்டளையால் அது வராது. பாலம் உடைந்துவிடக் கூடாதே என்ற கவலையால் வரும்.

இதெல்லாம் புதுசு என்று நினைக்க வேண்டாம். நாம் ஆடிய கல்லா மண்ணா என்ன? திண்ணையும் படியும் நமக்குப் பத்திரமான இடம், மண் பிடிப்பவனுடைய ராஜ்யம். வெறும் தரை எதிரி நாடாக மாறிவிடும், அதற்காகத்தான் அப்படி ஓடினோம். இப்போது நம் பேரப் பிள்ளைகள் தரை எல்லாம் எரிமலைக் குழம்பு என்று சோபாவுக்கு சோபா தாவுகிறார்கள். அதே விளையாட்டுதான், திண்ணை இல்லாததால் சோபா, சோபா போனால் நமக்கு ரத்தக் கொதிப்பு.

ஆறு கடப்பது இன்னொன்று. சாக்பீஸால் இரண்டு கோடு, நடுவில் பாறைகளாகச் சில வட்டங்கள். குழந்தைகள் யானைக் கூட்டம். ஒரு கை தும்பிக்கை. மறு கையில் குட்டி யானையாக ஒரு சுருட்டிய துண்டு. துண்டு நனையாமல் அக்கரை சேர வேண்டும். அடுத்த தடவை மழை பெய்து ஆறு அகலமாகிவிட்டது என்று கோட்டைத் தள்ளிப் போடுங்கள். தாவ முடிந்தவள் தாவுவாள், முடியாதவன் பக்கத்துப் பாறை வழியாகச் சுற்றிப் போவான். இரண்டு பேரும் யானைதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நாம் ஆண்டு விழாவில் வைக்கும் மியூசிக்கல் சேரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவுட் ஆகி வெளியே போய் உட்காருவது யார்? மெதுவாக ஓடும் குழந்தை, பூசினாற்போல இருக்கும் குழந்தை, கூச்சப்படும் குழந்தை. அதிகம் ஓட வேண்டியவர்களை முதல் நிமிடத்திலேயே உட்கார வைத்துவிட்டு, ஏற்கனவே நன்றாக ஓடுகிற இரண்டு பேரைக் கடைசி வரை ஓட விடுகிறோம். நடைமுறையில் இருப்பவனுக்கே கடன் கொடுப்பது என்று வங்கியில் இதைச் சொல்வோம்! கற்பனை விளையாட்டில் அவுட் கிடையாது. முதலை பிடித்துவிட்டால் அவனும் ஒரு முதலை. ஆட்டத்தில்தான் இருக்கிறான்.

நடத்துபவர்களுக்குச் சில வார்த்தைகள். நடந்து காட்டாதீர்கள், கேளுங்கள். "யானை எப்படி நடக்கும்? தூங்கி எழுந்த யானை? முள் குத்திய யானை?" ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி நடக்கும், எல்லாம் சரி. சிமென்ட் தரை என்பதால் குட்டிக்கரணம் வேண்டாம், உயரத்திலிருந்து குதிப்பதும் வேண்டாம். தவளை குதித்து இறங்கும்போது முட்டி மடங்க வேண்டும், "சத்தம் கேட்டால் பாம்பு வந்துவிடும்" என்றால் தானாக மடங்கும். கை ஊன்றி நடக்கும் கரடி நடையைத் தினமும் இரண்டு நிமிடம் வையுங்கள். தோளும் மணிக்கட்டும் உறுதிப்படும், பென்சில் பிடிக்கும் கைக்கும் அது நல்லது. வெயில் காலத்தில் நாலரை மணிக்குக்கூட அந்தத் தளம் கொதிக்கும், அதனால் ஐந்தரைக்கு முன்னால் இறக்க வேண்டாம். பத்து வயது தாண்டியவர்களை யானையாக்க முயன்றால் கேலி செய்வார்கள். அவர்களைக் கதை சொல்பவர்களாக்குங்கள். முதலை எப்போது வரும் என்று முடிவு செய்யும் அதிகாரம் கொடுத்தால் மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

சத்தம் பற்றித் தரைத்தள வீட்டுக்காரர்கள் என்னிடம் நேற்றே சொன்னார்கள். பி பிளாக்கில் உடம்பு முடியாமல் ஒரு பெரியம்மா இருக்கிறார்கள். அதனால் நேரத்தைக் கட்டுப்படுத்துவோம்: திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை. நாற்பத்தைந்து நிமிடம். அந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி முதல் கோடு.

இனி தீர்மானத்துக்கு என் திருத்தம். அந்த இடத்தில் நிரந்தரக் கோடு போட வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் விருந்தினர் கார்கள் அங்கே நிற்கட்டும், செக்யூரிட்டி நோட்டில் வண்டி எண்ணும் வீட்டு எண்ணும் எழுதிக்கொள்ளட்டும், மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான விருந்தினர் இரவு தங்கிக் காலையில் கிளம்புபவர்கள்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பகலிலும் நிறுத்தலாம், அந்த நாட்களில் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போக அப்பா அம்மா வீட்டில் இருப்பார்கள்.

செலவு: சாக்பீஸ் இரண்டு பெட்டி, அதை நான் வாங்கித் தருகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு இதுவரை ஏ பிளாக்கிலிருந்து இரண்டு பேர், சி பிளாக்கிலிருந்து ஒரு பாட்டி பெயர் கொடுத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஆளுக்கு ஒரு நாள் என்றால் இன்னும் இரண்டு பேர் தேவை. குரல் உரக்க இருந்தால் போதும், ஓட வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் வாசலில் நோட்டு வைத்துக்கொண்டு நிற்கிறேன்.