ஆணியும் அரிக்கேன் விளக்கும்

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு ஒரு தடவையாவது வந்தவர்களுக்குச் சங்கன், பதுமன் கதை தெரிந்திருக்கும். இரண்டு பேரும் நாகராஜாக்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவர்களுக்குள் வழக்கு. கோமதி அம்மன் தவமிருக்க, சாமி ஒரு பாதி சிவனாகவும் மறுபாதி திருமாலாகவும் வந்து நின்று வழக்கைத் தீர்த்துவைத்தார். 'நீ யார்?' என்ற கேள்விக்குச் சாமியே பதில் சொன்ன ஊர் இது. அந்த ஊரில், தறிக்கூடத்துக்குத் தார் சுற்றிக்கொடுத்த பெண்களிடம் அதே கேள்வியைக் கேட்க 1990-கள் வரவேண்டியிருந்தது.

கேட்கப் போனவர்களில் நானும் ஒருவன். பெரிய தகுதி ஒன்றும் கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் சும்மா இருந்த பையன். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராகச் சேர்ந்தேன். ஒரு அரிக்கேன் விளக்கு, கொஞ்சம் சாக்பீஸ், ஒரு பாடப்புத்தகம். ராத்திரி எட்டு மணிக்கு மேல், சோறு பொங்கி முடித்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் திண்ணைக்கு வருவார்கள். முதல் நாள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "உங்க பேரைச் சொல்லுங்க" என்றேன். ஒரு ஆச்சி, "மேலத்தெருக்காரி" என்றார். இன்னொருத்தர் மூத்த மகன் பேரைச் சொல்லி, அவன் அம்மா என்றார். "அதில்ல, உங்க பேரு" என்று திரும்பக் கேட்டதும் ஒரே சிரிப்பு. "அதைக் கேட்டு நீ என்ன தம்பி செய்யப்போறே? எனக்கே மறந்துபோச்சு!"

அறிவொளி எங்கள் ஊரில் முளைத்ததல்ல. அதன் வேர் கேரளத்தில் இருக்கிறது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-லேயே 'கலாஜாதா' என்று பாட்டும் தெருநாடகமுமாக ஊர் ஊராகப் போனது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சூடு தமிழ்நாட்டுக்கும் வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் முன்நிற்க, மாவட்ட ஆட்சியர்கள் கைகொடுக்க, மாவட்டம் மாவட்டமாக அறிவொளி பரவியது. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. கல்குவாரியில் கல் உடைத்த கையும் வயலில் நட்ட கையும் ஹேண்டில்பாரைப் பிடித்தன. நெல்லைச் சீமையில் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் போன்றவர்கள் இதிலேயே முழுமூச்சாக இறங்கினார்கள். அந்த அனுபவத்தை அவர் 'இருளும் ஒளியும்' என்று புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

அந்த இருள் யார் பக்கம் இருந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. எங்கள் கலைப்பயணக் குழு பஸ் ஸ்டாண்டு பக்கம் நாடகம் போடும். மேடை கிடையாது, மைக் கிடையாது, சனங்கள் சுற்றி நின்றால் அதுதான் அரங்கம். எழுதப் படிக்கத் தெரியாதவன் ஏமாந்துபோவதாகக் கதை வரும். கை தட்டுவார்கள். ஒருநாள் பார்த்து முடித்த மதினி ஒருத்தி என்னிடம், "படிச்சவன் ஏமாத்துறதைப் போடாம, படிக்காதவ ஏமாறுறதையே போடுதிய, இது என்ன நியாயம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். குழுவில் போய்ச் சொன்னேன். அடுத்த வாரம் அந்த மதினியையே நடுவில் நிறுத்தி, கணக்குப் பிசகாகக் கூலி வாங்கிய சம்பவத்தை அவரையே நடித்துக் காட்டச் சொன்னோம். முதலாளி வேஷமும் அவரே கட்டினார். அதுவரை நாங்கள் போட்டது பிரச்சாரம். அன்றைக்கு நடந்ததைத்தான் நான் கலை என்பேன்.

இதை ஒரு முறையாகவே வகுத்துவைத்தவர்கள் உலகத்தில் வேறிடத்தில் இருந்தார்கள் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியும். பிரேசில் நாட்டில் பாவ்லோ பிரெய்ரே, கற்பவரின் வாழ்க்கையில் புழங்கும் சொல்லிலிருந்தே எழுத்தைத் தொடங்க வேண்டும் என்றார். அதே நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1973-ல் பெரு தேசத்து எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை பார்த்தார். அங்கே அவர்கள் செய்த ஒரு காரியத்தை வானொலி கேட்கிறவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். கற்க வந்தவர்கள் கையில் கேமராவைக் கொடுத்தார்கள். கேள்வி கேட்டால் வாயால் பதில் சொல்லக் கூடாது, படம் எடுத்து வந்து காட்டவேண்டும். 'சுரண்டல் என்றால் என்ன?' என்று ஒரு கேள்வி. ஒருத்தர் கடைக்காரரை எடுத்து வந்தார், ஒருத்தர் வீட்டு வாடகை வாங்க வருகிறவரை. ஒரு சிறுவன் கொண்டுவந்த படத்தில் சுவரில் அடித்த ஆணி ஒன்று மட்டும் இருந்தது. பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்றப் பையன்களுக்கு உடனே விளங்கிவிட்டது. லிமா நகரத்துக்கு வெகுதூரத்திலிருந்து வந்து செருப்புக்குப் பாலிஷ் போடும் பிள்ளைகள் அவர்கள். பெட்டியைத் தினம் வீட்டுக்குச் சுமக்க முடியாது. ராத்திரி அதை மாட்டி வைக்கக் கடைச் சுவரில் ஒரு ஆணி வேண்டும். அந்த ஆணிக்கு வாடகை!

அந்தப் பையன் எங்கே படித்து இதைக் கற்றான்? கேமராவைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். யார் கையில் கருவி இருக்கிறதோ, அவர் சொல்வதுதான் படத்தில் விழும்.

திண்டுக்கல்லில் சிஸ்டர் சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் அந்தக் கருவி பறை. பள்ளியைப் பாதியில் விட்ட தலித் பெண்பிள்ளைகள் அங்கே தங்கித் தையல் படிக்கிறார்கள், கூடவே பறையும் கற்கிறார்கள். எழவு வீட்டில் ஆண்கள் அடிக்கும் வாத்தியம் என்றுதான் ஊர் அதை வைத்திருந்தது. அடிப்பவரை ஒதுக்கிவைக்க அது ஒரு அடையாளம். அதே பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண்பிள்ளைகள் வட்டமாக அடவு போட்டு வந்தபோது, பழைய அவமானம் எதிராளியின் பக்கம் போய்விட்டது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. மேடை ஏறி, நகரத்துப் பார்வையாளர் கை தட்டினால் மட்டும் ஊரில் கூலியும் பாதையும் மாறிவிடுவதில்லை. பறை நிற்கும்போது அந்தப் பிள்ளைகள் திரும்பிப் போகவேண்டியது அதே தெருவுக்குத்தான்.

நாகப்பட்டினம் பக்கம் சிக்கல் என்ற ஊரில் உள்ள வானவில் பள்ளியில் கேள்வி இன்னும் கூர்மை. 2004 சுனாமிக்குப் பிறகு பிரேமா ரேவதி தொடங்கிய பள்ளி அது. பூம்பூம் மாட்டுக்காரர், நரிக்குறவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. பாட்டும் கதையும் பாடத்தோடு சேர்ந்தே வரும். பூம்பூம் மாட்டுக்காரர் என்பது ஊர் வைத்த பேர். அரசாங்கப் பட்டியலில் அவர்கள் 'அடியன்', பழங்குடி. அதற்கான சாதிச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் பல குடும்பங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. தான் யார் என்று ஒரு பிள்ளை படம் வரைந்து காட்டலாம். தாலுகா ஆபீசில் அந்தப் படம் செல்லாது.

2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டம் வந்தபோது கலைக்குழுக்கள் மறுபடி தெருவுக்கு வந்தன. எனக்குப் பழைய ஞாபகமெல்லாம் கிளர்ந்தது. இப்போது அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா நடக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வந்துவிட்டால், ஆணியைப் படம் பிடித்து வந்த பையனுக்கு அங்கே என்ன இடம் கிடைக்கும் என்று யோசிக்கிறேன்.

திண்ணைக்கு வருகிறேன். நாலைந்து வாரம் ஆகியும் மேலத்தெரு ஆச்சிக்குக் கை படியவில்லை. 'அ' போட்டால் சுழி வேறெங்கோ போய் நிற்கும். எனக்கும் சலிப்பு. ஒருநாள் பாடத்தை மூடிவைத்துவிட்டு, "ஆச்சி, நீங்க ஒரு விடுகதை போடுங்க" என்றேன். தார் சுற்றும் ராட்டையைச் சுற்றுகிற மாதிரியே கையை ஆட்டிக்கொண்டு அவர் போட்டார்: "ஆயிரம் பேரு அசையாமப் படுத்திருக்கான். ஒருத்தி மட்டும் குறுக்க மறுக்க ஓடுதா. ஓடி முடிச்சா ஊரே உடுத்தும். அது என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை பெண்களும் என் முகத்தையே பார்த்துச் சிரிக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் விசைத்தறி கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. விடையே அதுதான், பாவும் நாடாவும். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு விளங்கவில்லை. "தோத்துட்டிய வாத்தியாரே. தோத்தவுக என்ன சொன்னாலும் கேக்கணும்" என்றார் ஆச்சி. "சரி, கேக்கேன். என்ன செய்யணும்?"

"எங்க அம்மா எனக்கு வச்ச பேரை எழுதிக் காட்டு. மத்த எழுத்தெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம்."

எழுதிக் காட்டினேன். மூன்றே எழுத்து. அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். திண்ணையில் இடம் போதாமல் தரையில் எழுதினார், அப்புறம் தூணில். அந்தப் பேரை வானொலியில் சொல்லலாமா என்று நான் அவரிடம் கேட்டுவைக்கவில்லை. மறுநாள் காலையில் அந்த வழியாகப் போனேன். வாசல் தெளித்து, கோலம் போட்டு, கோலத்துக்கு நடுவில் கோணல்மாணலாக அந்த மூன்று எழுத்தும் கோலமாவில் இருந்தது. பால்காரர் சைக்கிளை ஒதுக்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போனார்.