நூறு கார்டு, நாலு பேர், ஒரு மேஜை
(கிளப் ஹவுஸ் ஞாயிறு கூட்டத்தில் பேசியது)

சீட்டு விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயலாளர் முகம் மாறியதைக் கவனித்தேன். பயப்படாதீர்கள் சார், ரம்மி இல்லை. நம் பிள்ளைகள் இங்கே விளையாடுகிற 'மேஜிக்: தி கேதரிங்' பற்றித்தான். போன மாதம் ஒரு பையன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். "இனி கிளப் ஹவுஸில் கார்டே கூடாது" என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. தீர்மானம் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் எனக்குக் கொடுங்கள்.

1993-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணிதக்காரர் உருவாக்கிய விளையாட்டு இது. அவரவர் கட்டை அவரவரே சேர்த்து எடுத்துவர வேண்டும். பிள்ளைகள் ஆடுவது 'கமாண்டர்' என்ற வகை. பெரும்பாலும் நாலு பேர் உட்காருவார்கள். தலைவர் கார்டையும் சேர்த்துச் சரியாக 100 கார்டு. 99-ம் ஆகாது, 101-ம் ஆகாது. காடு, மலை, தீவு போன்ற அடிப்படை நிலங்களை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். மற்றவை, கார்டிலேயே விலக்கு எழுதியிருந்தால் ஒழிய, ஒரு பெயருக்கு ஒன்றுதான்.

முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் டேலி பண்ணியவனுக்கு இது என்ன பிரமாதம் என்று நானும் ஒரு கட்டு சேர்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பேரன் ஆடிட் செய்தான். "தாத்தா, செல்லாது." என் தலைவருக்குப் பச்சை, வெள்ளை என்று இரண்டே நிறம். நான் வைத்த 'கெஸ்ஸிக் வுல்ஃப் ரன்' ஒரு நிலக் கார்டு, அதற்கு விலையே கிடையாது. ஆனால் கீழே வாசகத்துக்குள் ஒரு சிவப்புக் குறி இருக்கிறது. தலைவரிடம் இல்லாத நிறத்தின் குறி கார்டில் எங்கே இருந்தாலும் அது கட்டுக்குள் வரக் கூடாதாம். பின்பக்கம் கையெழுத்தில்லாத வவுச்சர் மாதிரி திரும்பி வந்தது.

விஷயம் இனிமேல்தான். அழுத பையன் கொண்டுவந்தது பெட்டியில் விற்கும் ஆயத்தக் கட்டு. எதிரே இருந்தவை பல மாதம் செதுக்கியவை. நாலு கட்டும் விதிப்படி சரியானவையே. ஆனாலும் அவன் மூன்று ஆட்டத்திலும் நாலைந்து சுற்றில் வெளியே.

உலகம் முழுக்க இதே தகராறுதான். 2024 செப்டம்பரில், முதல் சுற்றிலேயே ஒருவரை எங்கோ கொண்டுபோய்விடும் 'மனா க்ரிப்ட்', 'ஜுவல்டு லோட்டஸ்' போன்ற விலை உயர்ந்த கார்டுகளை விதிக் குழு தடை செய்தது. குழுவில் இருந்தவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. ஒரே வாரத்தில் பொறுப்பை விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்திடமே ஒப்படைத்துவிட்டார்கள். (நம் கமிட்டிக்காரர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.) விலை கொடுத்து வாங்கிய கார்டு ஒரே அறிவிப்பில் மேஜைக்கு ஆகாமல் போகலாம் என்பதைப் பெற்றோர் குறித்துக்கொள்ளுங்கள்.

2025-ல் அந்த நிறுவனம் கட்டுகளை ஐந்து நிலைகளாகப் பிரித்தது. ஆட்டத்தையே திருப்பிவிடும் கார்டுகளுக்குத் தனிப் பட்டியல். முதல் இரண்டு நிலைகளில் அவற்றில் ஒன்றும் கூடாது, மூன்றாம் நிலையில் மூன்று வரை. ஆயத்தக் கட்டு பொதுவாக இரண்டாம் நிலையை ஒட்டியது. இதைக் கண்காணிக்க யாரும் வர மாட்டார்கள். கார்டைக் கலைப்பதற்கு முன் "என்னுடையது எந்த நிலை" என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு நம் பிள்ளைகள் யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

எனவே தடை வேண்டாம் என்பது என் வேண்டுகோள். நிலை எண்ணைச் சொன்ன பிறகே உட்காருவது, ஒரே நிலைக்காரர்கள் ஒரு மேஜை என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினால் போதும். வருகிற ஞாயிறு நாலு மணிக்கு இரண்டாம் நிலைக்கு ஒரு மேஜை போட அனுமதி கேட்கிறேன். அந்தப் பையனின் அம்மாவிடம் பேசிவிட்டேன், அனுப்புகிறேன் என்றிருக்கிறார். இன்னும் ஓர் இடம் காலி. என் கட்டைப் பேரன் இரண்டு முறை எண்ணிவிட்டான், நூறு இருக்கிறது.