அந்தப் பத்து நாட்களைக் கவனியுங்கள்

(உலகத் தற்கொலைத் தடுப்பு நாளையொட்டி, நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செப்டம்பர் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். அடுத்த பத்து நிமிடம் மாதவிலக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். அண்ணன்மார்கள், மாமாக்கள் யாரும் எழுந்து போக வேண்டாம். இது உங்கள் வீட்டு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மாதவிலக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் எரிச்சல், வயிற்று உப்புசம், அசதி பல பெண்களுக்கும் உண்டு. அது வரும், போகும். நான் சொல்லப்போவது அதுவல்ல. சிலருக்கு அந்த ஒரு வாரம், பத்து நாள் தாங்கவே முடியாத மனச்சோர்வு வருகிறது. காரணமில்லாத அழுகை, கட்டுக்கடங்காத கோபம், பதற்றம், "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற நினைப்பு. சிலருக்கு "செத்துப்போனால் தேவலை" என்ற எண்ணமும் வரும். மாதவிலக்கு ஆரம்பித்த சில நாட்களில் எல்லாம் விலகி, பழைய ஆளாகிவிடுவார்கள். அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை.

இதற்கு மருத்துவத்தில் பி.எம்.டி.டி. என்று பெயர். மாதவிலக்குக்கு முந்தைய தீவிர மனநிலைக் கோளாறு என்று சொல்லலாம். 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதைத் தனி நோயாகச் சேர்த்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. ஆக இது கொழுப்போ, நடிப்போ, வளர்ப்புக் குறையோ அல்ல. இவர்களுக்கு ஹார்மோன் அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மாதாமாதம் அது ஏறி இறங்குவதை மூளை தாங்கிக்கொள்ளும் விதத்தில்தான் வித்தியாசம். அதனால் ரத்தப் பரிசோதனையில் "எல்லாம் நார்மல்" என்று வந்தால், "உனக்கு ஒண்ணுமில்லை" என்று அர்த்தமாகாது.

ஏன் இதைத் தற்கொலைத் தடுப்பு நாளில் பேச வேண்டும்? 2022இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோய் உறுதியான சுமார் 600 பேரிடம் பல நாடுகளில் கேட்டார்கள். மூன்றில் ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னார். நம் நாட்டிலும் 2007இல் டெல்லி ஆய்வு ஒன்று வந்தது. தற்கொலையால் இறந்த பெண்களில் சுமார் நான்கில் ஒருவர் மாதவிலக்கு நேரத்தில் இறந்திருந்தார். வேறு காரணங்களால் இறந்த பெண்களில் அந்த எண்ணிக்கை மிகக் குறைவு. தற்கொலைக்குப் பல காரணங்கள் சேர்ந்து வரும். கடன், குடும்பச் சண்டை, பரீட்சை, தனிமை எல்லாம் உண்டு. ஆனால் ஏற்கெனவே இருக்கும் பாரத்தை அந்தப் பத்து நாள் இரண்டு மடங்காக்கிவிடும்.

இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஆபத்தான நாட்கள் எவை என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி போதும். தினமும் ராத்திரி தூக்கம், கோபம், சோர்வு, சாகத் தோன்றியதா என்று ஒரு வரி எழுதுங்கள். மாதவிலக்கு வந்த தேதியை வட்டமிடுங்கள். இரண்டு மாதம் எழுதினால் உருவம் தெரியும். மருத்துவரும் இதை வைத்துத்தான் முடிவு செய்வார். மாதம் முழுக்கச் சோர்வு இருந்து, அந்த நாட்களில் மட்டும் அதிகமானால் அது வேறு மனநோயாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. ஆனால் சாகும் எண்ணம் ஏற்கெனவே இருந்தால் இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

சிகிச்சை என்ன? மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இந்த நோயில் சில நாட்களிலேயே வேலை செய்கின்றன. சிலருக்கு மாதத்தில் பாதி நாள் மட்டும் சாப்பிட்டால் போதும். சிலருக்குக் குறிப்பிட்ட கருத்தடை மாத்திரை உதவும். மன ஆலோசனையும் உண்டு. மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். வயசுப் பிள்ளைகளுக்கு மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரம் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கோவிலுக்குக் கூட்டிப்போவது, மந்திரிப்பது உங்கள் நம்பிக்கை. அதோடு மருத்துவரையும் பாருங்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. மகளோ, மனைவியோ, மதினியோ தளர்ந்து தெரிந்தால் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாம்மா?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதால் வராது, மனசு இறங்கும். "உனக்கு என்ன குறை?", "நாங்களெல்லாம் இதைத் தாண்டி வரலையா?" என்று சொல்லாதீர்கள். "தோணுது" என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரை, மருந்து, பூச்சிமருந்து எல்லாவற்றையும் கைக்கு எட்டாமல் வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். வேலையை விடுவது, விவாகரத்து மாதிரிப் பெரிய முடிவுகளை அந்த நாட்களில் எடுக்க வேண்டாம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? விளாங்குடியிலிருந்து அரசு ராஜாஜி மருத்துவமனை ஒன்றும் தூரமில்லை. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. 1992 முதல் மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநலப் பணி செய்கிறது. போனில் பேச 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. அவருக்குத் தண்டனை கூடாது, சிகிச்சை தர வேண்டியது அரசின் கடமை என்கிறது. அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். 108ஐக் கூப்பிடுங்கள்.

சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள். 14416 என்ற எண்ணை எல்லா லிஃப்ட்டிலும் ஒட்டுங்கள். யார் வீட்டிலாவது இப்படி ஒன்று நடந்தால் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி ஒரு வரிகூட வர வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் நேரில் போய் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் போதும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தங்கச்சி யாருக்காவது "இது நான்தான்" என்று தோன்றினால், இன்றைக்கு ராத்திரி ஒருவரிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் முடியவில்லையா, அத்தையிடம் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் 14416. அந்த நாட்களில் மனசு சொல்வதை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். இது மாற்றக்கூடிய நோய்.