தண்டவாளம் வந்தால் சாதி போய்விடுமா?

(நாங்குநேரியில் நடந்த வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



1853இல் மார்க்ஸ் இந்தியாவைப் பற்றி நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதினார். இரும்பும் நிலக்கரியும் உள்ள நாட்டில் ரயில் வந்தால் அதன் பின்னால் நவீனத் தொழில் வந்தே தீரும். அது சாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்பது அவர் கணிப்பு. இரண்டே வருடத்தில் அதைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் கிடைத்தது. வங்காளத்து ராணிகஞ்ச்.

அங்கே 1774இலேயே வெள்ளைக்காரர்கள் நிலக்கரி தோண்டத் தொடங்கிவிட்டார்கள். 1836இல் ராணிகஞ்ச் சுரங்கத்தை வாங்கியவர் துவாரகநாத் தாகூர், கவிஞர் தாகூரின் தாத்தா. ஆனால் வெட்டிய கரி கல்கத்தா போய்ச் சேர தாமோதர் ஆற்றில் வெள்ளம் வர வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் படகு ஓடும்; மற்ற மாதங்களில் கரி கரையிலேயே கிடக்கும். 1855 பிப்ரவரியில் ஹௌராவிலிருந்து சுமார் 120 மைல் ரயில் பாதை ராணிகஞ்சைத் தொட்டது. 1890களில் ஜரியாவுக்கும் ரயில் போனது. கொஞ்ச காலத்தில் ஜரியா ராணிகஞ்சையே முந்தியது. ரயில் கரியை ஏற்றிச் சென்றது, கரியைத் தின்றதும் ரயில்தான்.

சரி, குழிக்குள் இறங்கியது யார்? தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பவுரி மக்களும், சந்தால் பழங்குடியினரும். கூலிக்கு ஆசைப்பட்டு வந்தார்கள் என்று நினைக்காதீர்கள். நிறுவனங்கள் ஜமீன் உரிமைகளையே வாங்கின. இந்த நிலத்தில் உழ வேண்டுமா, எங்கள் சுரங்கத்தில் இறங்கு என்றன. தாமிரபரணிக் கரையில் பண்ணையாள் முறையைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்களுக்கு இது புரியும். நீராவி எஞ்சின் புதிது, ஆளைப் பிடித்து வைத்த கயிறு பழையது. மேலே மேசையில் கணக்கெழுதியவர்கள் மேல்சாதி பாபுகள்.

கணவன் வெட்டுவான், மனைவி கூடையில் சுமப்பாள். கூலி வண்டிக் கணக்கு. 1920களின் தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பெண்கள். 1929இல் வந்த விதிகள் அவர்களைப் படிப்படியாக நிலத்தடியிலிருந்து வெளியேற்றின. மாற்று வேலை தரவில்லை. போர் வந்தது, கரி தட்டுப்பாடானது, 1943இல் அந்தத் தடையை அரசு விலக்கியது.

அப்போது வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினர் யார் தெரியுமா? அண்ணல் அம்பேத்கர். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1944 பிப்ரவரியில் சட்டசபையில் கடும் எதிர்ப்பு வந்தது; இது அவசர காலத்துக்கு மட்டும் என்று சொல்லி முடிவை ஆதரித்துப் பேசினார். ஆணுக்குள்ள அதே கூலி பெண்ணுக்கும் என்ற நிபந்தனையையும் எடுத்துச் சொன்னார். அது போதுமா என்று நீங்கள் விவாதிக்கலாம்; போதாது என்பதுதான் என் எண்ணம். 1946 பிப்ரவரியில் தடை திரும்ப வந்தது. ஆனால் 1943 டிசம்பரில் தன்பாத் போய், குழிக்குள் இறங்கி, தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்த்தவர் அவர். அடுத்த மாதமே நிலக்கரித் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது.

அந்தக் குழிகளில் சாதி கரையவில்லை. யார் சுமப்பது, யார் எழுதுவது என்று அது வேலையைப் பிரித்துக் கொடுத்தது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே படிநிலையாகப் பிரிப்பது என்று 1936லேயே அம்பேத்கர் எழுதியிருந்தார். தன்பாத் போவதற்கு ஏழு வருடம் முன்பு.

நம் ஊர் வழியாகத் திருநெல்வேலி - நாகர்கோவில் ரயில் பாதை வந்தது 1981இல். நான்குவழிச் சாலையும் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் இதே நாங்குநேரியில், ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகளே சக மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அந்தப் பாதைக்கு மண் சுமந்தவர்கள் உங்கள் தெருவில் இன்னும் இருப்பார்கள். எந்தத் தெருக்காரர்கள் சுமந்தார்கள், யார் மேஸ்திரி, என்ன கூலி, தண்ணீர் எதில் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்.