எஞ்சும் நஞ்சுக்கு ஓர் எல்லை



இரணைமடுக் குளத்து நீர் பாயும் எங்கள் முரசுமோட்டையில் நெல்லே முதற்பயிர். அயலில் கத்தரி, மிளகாய், பயற்றை முதலியனவும் விளைகின்றன. அவற்றைப் பீடைகளினின்றும் காக்கக் கமக்காரர் மருந்து தெளிக்கின்றனர். மருந்து என நாம் அழைப்பது உண்மையில் நஞ்சே. அது முழுவதும் வெயிலிலும் மழையிலும் மறைந்துவிடுவதில்லை. ஒரு சிறு பகுதி காயிலும் இலையிலும் எஞ்சி நிற்கும். அவ்வெச்சம் எவ்வளவுக்கு மேற்படலாகாது எனச் சட்டம் விதிக்கும் அளவே எச்ச உச்சவரம்பு எனப்படும்.

இவ்வரம்பு எவ்வாறு வகுக்கப்படுகிறது? விலங்குகளுக்குத் தீங்கு விளைக்காத அளவை ஆய்வினாற் கண்டு, அதனைப் பெரும்பாலும் 100 ஆல் வகுத்து, மனிதர் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவைக் கணிப்பர். விதிப்படி தெளித்த பயிரில் எஞ்சுவதையும் அளந்து, இரண்டையும் ஒப்புநோக்கி வரம்பிடுவர்.

வரம்பின் வலிமையை நமது தேயிலை உணர்ந்தது. 2015 இல் கிளைபொசேற்று என்னும் களைகொல்லி இலங்கையில் தடைசெய்யப்பட்டது. பின்னர் எம்.சி.பி.ஏ. என்னும் வேறொரு களைகொல்லியின் எச்சம் தேயிலையிற் காணப்படவே, யப்பான் ஆட்சேபம் தெரிவித்தது. தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துகளுக்கு அந்நாடு 2006 முதல் கிலோகிராமுக்கு 0.01 மில்லிகிராம் என்னும் பொது வரம்பை விதித்துள்ளது. அஃதாவது, 100 தொன் தேயிலைக்கு 1 கிராம்!

பிறநாட்டார் அருந்தும் தேநீருக்கு இத்துணைக் காவல் உண்டெனின், நம் பிள்ளைகள் உண்ணும் பயற்றங்காய்க்கும் வேண்டுமன்றோ? 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெறாத மருந்தை விற்றலாகாது. ஆயினும், நல்ல மருந்தும் காலந்தவறித் தெளித்தால் நஞ்சாகவே உணவிற் சேரும். ஆகவே சந்தைக் காய்கறியை அடிக்கடி எடுத்து அளத்தல் வேண்டும். அளந்து பாராத வரம்பு வெறும் எழுத்தே.

கமக்காரரின் இடரையும் நாம் உணர வேண்டும். தெளித்தபின் அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்கள் மருந்துச் சிட்டையிற் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே முறை அறுக்கும் நெல்லுக்கு இது எளிது. பயற்றையோ சில நாட்களுக்கொருமுறை ஆயப்படுவது. காத்திருந்தால் காய் முற்றி விலை போகாது, காத்திராவிடின் நஞ்சு உண்பவர் வீட்டுக்குச் செல்லும். இத்தகைய பயிருக்குக் காத்திருக்கும் நாட்கள் குறைந்த மருந்து எதுவென விவசாயப் போதனாசிரியரை வினவித் தெரிதலே வழி.

மாணவச் செல்வங்களே, மருந்துச் சிட்டையைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். தெளித்த நாளை நாட்காட்டியிற் குறித்து வையுங்கள். சட்டம் இடும் வரம்பைத் தோட்டத்திற் காப்பது அந்தச் சிறு குறிப்பே.